கயிற்றுக்கு உள்ளே பத்து நிமிஷம்

விருத்தாசலம்
20-10-2003

அன்புத் தம்பி ராஜ்மோகனுக்கு அக்கா அம்சவல்லி எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? அஸ்ஸாமில் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளியைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு இருமிக்கொண்டு திரியாதே. இங்கே நானும் மாமாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

தந்தி ஒன்பது நாள் கழித்துத்தான் உன் கைக்கு வந்தது என்று போனில் சொன்னாய். பூத்தில் எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நீயும் அழுதாய், நானும் அழுதேன், விஷயம் ஒன்றும் பேசவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்டோபர் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. பச்சமுத்து கம்பெனியில் பக் மில்லுக்கு மண் போட்டுக்கொண்டிருந்தான். களிமண்ணைப் பிசைந்து தள்ளுகிற அந்தப் பெரிய மிஷின்தான். ஈர மண் வாயில் அடைத்துக்கொண்டது. கையால் தள்ளியிருக்கிறான். அது கையோடு ஆளையும் இழுத்துவிட்டது. நான் பக்கத்து ஷெட்டில் பொம்மைகளுக்குப் பிசிறு தேய்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். கரண்டை நிறுத்தி அவனை வெளியே எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. எனக்குத் தம்பி, உனக்கு அண்ணன், நம் இருவருக்கும் நடுவில் பிறந்தவன் இப்படிப் போவான் என்று யார் நினைத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். உடம்பை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ஷெட்டைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார். எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து, "இந்த ஷெட்டு இப்ப போலீஸ் பொறுப்பு. மொதலாளியா இருந்தாலும் சரி, செத்தவரோட சொந்தமா இருந்தாலும் சரி, நான் சொல்ற வரைக்கும் ஒரு துரும்பக்கூட நகத்தக் கூடாது" என்றார். நாளைக்கு ஆயுத பூஜையாயிற்றே என்று முதலாளி இழுத்தார். பூஜையை அடுத்த ஷெட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். கடலூரிலிருந்து தடயம் பார்க்கிறவர்களும் ஃபேக்டரி இன்ஸ்பெக்டரும் வர வேண்டுமாம். சனி, ஞாயிறு பூஜை லீவு. திங்கட்கிழமைதான் வருவார்கள் என்று சக்கரபாணி என்ற போலீஸ்காரரைக் காவலுக்குப் போட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு உடம்பைக் கொடுத்தார்கள். மணிமுத்தாற்றங்கரையில் எரித்தோம். பங்காளி முறையில் காத்தவராயன் கொள்ளி வைத்தான். நேற்று முன்தினம் கருமாதியும் முடிந்தது. திங்கட்கிழமை அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். என்ன எழுதினார்கள் என்று இன்னும் தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. துக்கத்தை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு துப்பாக்கி தூக்காதே.

இப்படிக்கு,
அக்கா அம்சவல்லி

---

மார்பத், 99 ஏ.பி.ஓ.
9-11-2003

அக்காவுக்கும் மாமாவுக்கும் ராஜ்மோகனின் வணக்கம். உங்கள் கடிதம் முந்தாநாள் வந்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணியும் பாப்பா கனிமொழியும் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வரிகூட நீ எழுதவில்லை.

நான் இங்கே மலை மேல் போஸ்ட்டில் இருந்தேன். தந்தி கீழே முகாமில் கிடந்திருக்கிறது. கீழே இறங்கியதும் சுபேதார் கையில் கொடுத்து, உட்கார் என்றார். உட்காரச் சொன்னதிலேயே ஏதோ என்று தெரிந்துவிட்டது. அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கயிறு கட்டிக் காவல் போட்டது சரியான வேலை. இங்கே குண்டு வெடித்த இடத்தில் நாங்களும் அதைத்தான் செய்வோம். கயிறு கட்டிவிட்டால் மேஜராக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒரு செருப்பு கிடந்தால் அது கிடந்தபடியே கிடக்க வேண்டும். அது எங்கே கிடக்கிறது என்பதுதான் சாட்சி.

இப்போது ஒன்று கேட்கிறேன், நன்றாக யோசித்து எழுது. போன பங்குனியில் லீவில் வந்தபோது அண்ணனைப் பார்க்கக் கம்பெனிக்குப் போனேன். பக் மில் வாய்க்கு மேலே கை போகாமல் தடுக்கிற இரும்பு ஜாலி இல்லை. எங்கே என்று கேட்டேன். மூலையைக் காட்டினார். "ஜாலி போட்டா மண்ணு சீக்கிரம் எறங்காதுடா. மொதலாளி கழட்டச் சொல்லிட்டாரு" என்று சிரித்தார். அன்றைக்கும் அது இல்லாமல்தான் ஓடியிருக்க வேண்டும். அப்படியானால் இது விபத்து இல்லை. முதலாளி மேல் கேஸ் நிற்கும். கயிற்றுக்கு உள்ளே எல்லாம் இருந்தபடி இருந்திருந்தால் அதிகாரிகள் கண்ணில் அது கட்டாயம் பட்டிருக்கும்.

பதில் எழுது.

தம்பி,
ராஜ்மோகன்

---

விருத்தாசலம்
2-12-2003

தம்பிக்கு அக்காவின் ஆசி. உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். மாமாவுக்குத்தான் ஆட்டோ ஓட்டி ஓட்டி முதுகு பிடித்துக்கொள்கிறது.

கனகாவும் பாப்பாவும் இப்போது நம் வீட்டோடுதான் இருக்கிறார்கள். அவள் அம்மா வீடு கருவேப்பிலங்குறிச்சி. அங்கே போனால் பாப்பாவின் பள்ளிக்கூடம் கெட்டுவிடும் என்று நான்தான் நிறுத்திக்கொண்டேன். மாமா ஆட்டோவை வாசலில் நிறுத்தியதும் பாப்பா பின் சீட்டில் ஏறிப் பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்துகொள்கிறாள். கனகாதான் பேசுவதில்லை. தீபாவளிக்கு அடுப்பு மூட்டவில்லை.

நீ கேட்ட விஷயம். ஜாலி போட்டிருந்தது, நான்கு போல்ட்டும் முறுக்கியிருந்தது, மிஷின் கழுவிச் சுத்தமாக இருந்தது என்று அதிகாரிகள் எழுதிவிட்டார்களாம். மாமா ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்து வந்தார். இன்ஸ்பெக்டர் கடுகடு என்று இருக்கிறாராம். வெள்ளிக்கிழமை அவர் உடம்பைத்தான் பார்த்தார். ஜாலி என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. போட்டோ பிடிக்கிறவர் பூஜை வேலையில் மாட்டிக்கொண்டு வரவேயில்லை. சனிக்கிழமை யாரோ உள்ளே போய்க் கழுவி, ஜாலியையும் மாட்டிவிட்டிருக்கிறார்கள். கேட்டால் சக்கரபாணி டீ குடிக்கப் போயிருந்தேன் என்கிறாராம். அன்றைக்கு ஷெட்டில் வேலை பார்த்த மூன்று பேரும் ஜாலி இருந்ததா இல்லையா என்று கவனிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிழைப்பு போய்விடும் என்ற பயம். நானும் பக்கத்து ஷெட்டில் இருந்தவள். என் பேச்சு எடுபடுமா?

யார் கழுவினார்கள் என்று இங்கே யாரும் பேசுவதில்லை.

பனியில் காதைக் கட்டிக்கொள்.

அம்சவல்லி

---

மார்பத், 99 ஏ.பி.ஓ.
24-12-2003

அக்காவுக்கு வணக்கம். நான் இருக்கிறேன். மாமாவுக்கு முதுகுக்குப் போடத் தைலம் அனுப்பியிருக்கிறேன், பார்சல் தனியாக வரும்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அண்ணனைக் கொன்றது ஒரு தடவை. அதைக் கழுவி மூடியது இரண்டாவது தடவை. முதலாளிதான் ஆள் வைத்துச் செய்திருப்பான். உங்கள் பினிஷிங் பெண்கள் பத்துப் பேர் அன்று காலையில் அடுத்த ஷெட்டில் பூஜைக்கு மிஷின் கழுவியிருப்பார்கள். அவர்களில் ஒருத்திதான் உள்ளே போயிருக்க வேண்டும். இருபது வருஷம் அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்கிறாய். உனக்குத் தெரியாமல் இருக்காது. பேரைச் சொல்லு. அவள் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். கோர்ட்டில் வந்து நான்தான் ஜாலியை மாட்டினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்தப் போலீஸ்காரரை மட்டும் விடமாட்டேன். ஒரு கயிற்றைக் காக்க முடியாதவருக்கு யூனிஃபார்ம் எதற்கு? டீ குடிக்கப் போனாராம். எங்கள் கமாண்டிங் ஆபீசரிடம் சொன்னேன். அவர் கையெழுத்தோடு கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் மனு அனுப்பலாம் என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

ராஜ்மோகன்

---

விருத்தாசலம்
18-1-2004

தம்பி, பொங்கல் போயிற்று. பாப்பாவுக்காக ஒரு கரும்பு மட்டும் வாங்கினோம். தைலம் வந்தது, மாமாவுக்குக் கொஞ்சம் தேவலை.

அந்தப் போலீஸ்காரர் மேல் எழுதாதே. அவர் கெட்டவர் இல்லை. சேத்தியாத்தோப்புக்காரர், இரண்டு பெண் குழந்தைகள். நடந்தது நடந்துவிட்டது. அவரைத் தண்டித்தால் பச்சமுத்து எழுந்து வரப் போகிறானா? நீ ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கோபப்படுகிறவன், பட்டால் கண் தெரியாது. சின்ன வயசில் பந்து கொடுக்கவில்லை என்று கிணற்றில் கல்லைப் போட்ட ஆள்தானே நீ.

கம்பெனியில் என்னைப் பினிஷிங்குக்கு மேஸ்திரியாகப் போட்டிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. முதலாளியே கூப்பிட்டுச் சொன்னார்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா

---

மார்பத், 99 ஏ.பி.ஓ.
15-2-2004

அக்காவுக்கு. நான் நன்றாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே மனு போய்விட்டது. எஸ்.பி. ஆபீசிலிருந்து பதிலும் வந்துவிட்டது. சக்கரபாணியை சஸ்பெண்ட் செய்து விசாரணைக்கு உத்தரவிட்டிருக்கிறார்களாம். கடிதத்தைப் படித்தபோது இத்தனை மாதத்தில் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? அவருக்கு எத்தனை குழந்தைகள் என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறாய். நம் அண்ணனுக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. உனக்கு மேஸ்திரி வேலை கிடைத்தது நல்லதுதான். ஆனால் அந்தக் கம்பெனிக்குள் நீ எப்படிக் கால் வைக்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை.

கழுவியவள் பேரை இன்னும் நீ எழுதவில்லை. எழுது.

ராஜ்மோகன்

---

விருத்தாசலம்
30-5-2004

தம்பி ராஜ்மோகனுக்கு. மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று, எழுதாமல் இருந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ இரண்டு தடவை பூத்துக்குப் போன் செய்தாயாம். பையன் வந்து கூப்பிட்டான். வேலையாக இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். வேலை ஒன்றும் இல்லை.

நீ கேட்ட பெயரை எழுதுகிறேன். அம்சவல்லி.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். எல்லோரும் ஆஸ்பத்திரி வாசலில் உடம்புக்காகக் காத்திருந்தோம். அவன் கழற்றி மாட்டிய சட்டையையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்து வருகிறேன் என்று நான் கம்பெனிக்குப் போனேன். அடுத்த ஷெட்டில் பெண்கள் பூஜைக்குக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லா மிஷினும் குளித்துவிட்டு நிற்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக் மில்லில் அவன் ரத்தம் காய்ந்து கறுத்துக் கிடக்கிறது. ஈ மொய்க்கிறது. இன்ஸ்பெக்டர் சொன்னதெல்லாம் என் காதில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

சக்கரபாணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "சார், அது என் தம்பி ரத்தம். ஈ மொய்க்குது. ரெண்டு வாளி தண்ணி ஊத்திட்டு வந்துடறேன், வுடுங்க" என்றேன். மூன்று தடவை முடியாது என்றார். யாரையும் விட அவருக்கு அதிகாரம் இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். நான் அங்கேயே நின்றேன். அவர் எழுந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அப்புறம், "பத்து நிமிஷம்தாங்க்கா. எதையும் தொடாதீங்க. தண்ணிய மட்டும் ஊத்திட்டு வந்துடுங்க" என்று கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். நான் அழுவதைப் பார்க்கக் கூடாது என்று முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

நான்கு வாளி தண்ணீர் ஊற்றினேன். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். மூலையில் ஜாலி கிடந்தது. அதையும் கழுவினேன். ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வருஷம் பூராவும் கழற்றிப் போட்டதெல்லாம் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் தன் இடத்துக்குப் போகும். மிஷின் மூளியாக நின்றால் பூஜை ஆகாது என்பார்கள். பூஜை முடிந்த மறுநாள் எல்லாம் திரும்ப மூலைக்கு வந்துவிடும். இருபது வருஷமாக அந்த ஜாலியை நான்தான் மாட்டுவேன். அன்றைக்கும் என் கை அதைத் தூக்கி மாட்டி நான்கு போல்ட்டையும் முறுக்கிவிட்டது. பழக்கம் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். உன்னிடம் சொல்கிறேன், பழக்கம் பாதிதான். அந்த வாய் திறந்து கிடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை அதிகாரிகள் ஜாலியைத் தட்டிப் பார்த்து எழுதிக்கொண்டபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கருமாதி முடியட்டும் என்று இருந்தேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. நீ கோபத்தோடு ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, சொல்வது இன்னும் கஷ்டமாகிப் போயிற்று. முதலாளிக்கு நான்தான் என்று தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே மேஸ்திரி ஆக்கிவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு ஆகிவிட்டேன். இதை நினைத்தால் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

போன வாரம் சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறினேன். சக்கரபாணி தன் மச்சான் நிலத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் மனைவி காபி கொடுத்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. மனுப் போட்டது என் தம்பி என்பதும் தெரியாது. விசாரணையில் இதுவரைக்கும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நான் போய்ச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "டீக்குப் போனேன்னா அது அஜாக்கிரதைங்க்கா, ஒரு தண்டனையோட வுட்டுடுவாங்க. தெரிஞ்சே கயித்தத் தூக்கி வுட்டேன்னா வேலையே போயிடும்" என்றார். கெஞ்சவில்லை. எது எப்படி என்று விளக்கினார், அவ்வளவுதான்.

நான் திரும்பி வந்த அன்றைக்கே கனகாவுக்கு நோட்டீஸ் வந்திருந்தது. கேஸை முடிக்கிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் கோர்ட்டில் சொல்லலாமாம். கனகா கூடத்தில் நின்று சத்தமாகப் படித்தாள். இறந்தவர் மது அருந்திய நிலையில் தானே ஜாலியைக் கழற்றிக் கவனக்குறைவாகக் கையை விட்டதாகச் சாட்சிகள் கூறுகிறார்கள் என்று போட்டிருந்தது. "அவரு காலையில குடிக்கிற ஆளா அண்ணி?" என்று என்னைக் கேட்டாள். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தது.

பச்சமுத்து குடிகாரனாகச் செத்தான் என்று இருந்துவிடவா, இல்லை எனக்காகக் கயிற்றைத் தூக்கிய மனிதன் வயிற்றில் அடிக்கவா? கனகாவிடம் இன்னும் சொல்லவில்லை. மாமாவுக்கும் தெரியாது. நீ திட்டு. திட்டிவிட்டு என்ன செய்வது என்று எழுது.

அக்கா

---

மார்பத், 99 ஏ.பி.ஓ.
12-8-2004

அக்கா, உன் கடிதம் ஜூன் பதினைந்தாம் தேதியே வந்துவிட்டது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் திரிந்தேன். உடம்பு சரியாக இருக்கிறது.

முதலில் திட்டித்தான் எழுதினேன். கிழித்துவிட்டேன். அப்புறம், யாரிடமும் சொல்லாதே, அண்ணிக்குத் தெரிய வேண்டாம், வீடு உடைந்துவிடும் என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். கழுவியவள் காலில் விழுகிறேன் என்று எழுதியவன் நான்தானே. அது நீ என்றதும் ஒளித்து வைக்கத் தோன்றியது. எனக்கே வெட்கமாக இருந்தது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் இங்கே சந்தையில் குண்டு வெடித்தது. கயிற்றுக்கு நான் காவல். ஒரு அம்மா வந்தாள். செத்துப் போன அவள் மகன் உடம்பைத் தூக்கிப் போய்விட்டார்கள், ரத்தம் மட்டும் ரோட்டில் கிடந்தது. கையில் ஒரு சொம்பு தண்ணீர். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை, என்ன கேட்கிறாள் என்பது புரிந்தது. விடவில்லை. திரும்பத் திரும்ப வந்தாள். கடைசியில் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்துத் தள்ளினேன். சொம்பு உருண்டு போயிற்று. நான் சரியாகக் காவல் காத்தேன் என்று மேஜர் தட்டிக் கொடுத்தார். குற்றவாளிகளைப் பிடித்தார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த அம்மா முகம் என்னை விடவில்லை. சக்கரபாணி செய்தது தப்பு என்று இப்போதும் எனக்குத் தெரியும். அவர் மேல் மனுப் போட்ட கையை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

மனுவைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள்.

நான் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய், அதைச் செய் என்று இனி எழுத மாட்டேன். நீ எது செய்தாலும் நான் உன் பக்கம். கோர்ட்டுக்குப் போவதாக இருந்தால் சக்கரபாணியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. என் பெயரையும் சொல்லு. மனுப் போட்டது என் தம்பிதான் என்று சொல்லு.

ராஜ்மோகன்

---

விருத்தாசலம்
19-9-2004

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். பாப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்து இறங்கிவிட்டது.

போன வியாழக்கிழமை கோர்ட்டில் சொல்லிவிட்டேன்.

அதற்கு முன்னால் சேத்தியாத்தோப்புக்குப் போனேன். உன் பெயரையும் சொன்னேன். சக்கரபாணி மனைவி கையில் இருந்த டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனவள் திரும்ப வரவில்லை. அவர், "எப்பங்க்கா வாய்தா?" என்று மட்டும் கேட்டார். நான் வியாழக்கிழமை என்றேன். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூட வந்தார்.

கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் பொறுமையாகக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை மாதம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டார். பயம், வேலை, வெட்கம் எல்லாம்தான் என்றேன். உள்ளே விட்டது யார் என்று கேட்டார். பின் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, யூனிஃபார்ம் இல்லை, எனக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. "நான்தாங்கய்யா வுட்டேன். டீக்குப் போனேன்னு சொன்னது பொய்" என்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவராகத்தான் வந்திருந்தார்.

மறுபடியும் விசாரிக்க உத்தரவாகியிருக்கிறது. மறுநாளே போலீஸ் வந்து அதே ஷெட்டைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். இந்தத் தடவை இரண்டு பேர் காவல். எறும்பைக்கூட உள்ளே விடவில்லை. உள்ளே இருப்பது புது மிஷின், தம்பி. பழையதை முதலாளி ஆடி மாதமே இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார். புதியதில் ஜாலிக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறது. கேஸ் நிற்குமா என்று வக்கீலைக் கேட்டேன், பார்க்கலாம் என்றார். அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. குடித்திருந்தான் என்ற வரியை மட்டும் எடுத்துவிடுவார்கள் என்றார். சக்கரபாணியை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று அவருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. நான் கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

அண்ணி என்ன சொன்னாள் என்று நீ கேட்பாய். நான் சாட்சி சொல்லும்போது கனகா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அங்கேதான் அவளுக்கே தெரியும். முன்னாடியே வீட்டில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும், அதற்கும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. கோர்ட்டிலிருந்து பாலக்கரை வழியாக நடந்து வந்தோம். இரண்டு நாள் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள். பாப்பாவுக்குத் தலை வாரினாள். மாமா அவளைத் திட்டவாவது சொல்லு என்று என்னிடம் சொல்லிப் பார்த்தார்.

இன்று காலை அரிசி களைந்துகொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் நின்றாள். கேஸ் கெட்டதைக் கேட்கப் போகிறாள், காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்துக் கையை உதறிக்கொண்டு எழுந்தேன்.

"கேசப் பத்தி இல்ல அண்ணி" என்றாள். "ஆஸ்பத்திரியில அன்னிக்கு ஒங்க பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன். எங்க போறீங்கன்னு கேட்டேன். சட்ட எடுத்தாரப் போறேன்னீங்க. அவர மூட்டையாக் கட்டித்தான் குடுத்தாங்க, தொடவே வுடல. நான் தொடுறதுக்குன்னு அந்த ரத்தம் ஒண்ணுதான் இருந்துச்சு. கழுவப் போறப்ப என்ன ஏன் கூப்புடல?"

அவளுக்கு என்ன சொல்வது என்று உனக்குத் தெரிந்தால் எழுது. லீவு கிடைத்ததும் வா.

அம்சவல்லி